விரலில் நின்ற கறுப்பு

தலைச்சாயம் குழைக்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. இன்று காலை கையுறை போட மறந்துவிட்டேன். கிண்ணத்தை வழித்து முடித்தபோது விரல்கள் ஐந்தும் கறுத்துக் கிடந்தன. நாளை இடப்பள்ளியில் ஒரு கல்யாணம். "எலுமிச்சம்பழம் போட்டுத் தேயுங்கம்மா, போயிடும்" என்கிறாள் மருமகள். தேய்க்காமல் உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

அன்று கறுத்தவை உன் விரல்கள். உங்கள் சுக்குக் கிடங்கின் பின்னால், பழைய அண்டாவில் சாயப்பொடியைக் கொதிக்கவிட்டு, உன் தாவணிகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாய். பச்சை, ரோஜா, தீபாவளிக்கு எடுத்த ஊதா, எல்லாம் உள்ளே போய் ஒரே நிறமாக வெளியே வந்தன. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் கப்பலில் வேலை பார்த்த உன் அண்ணன். எண்பதுகளின் நடுவில், லீவில் வரும்போதெல்லாம் நாம் கேட்ட சோப்பையும் சென்ட்டையும் மறந்துவிட்டு, ஏதோ துறைமுகத்தில் கிடைத்த கேசட்டுகளையும் பாட்டுப் பத்திரிகைகளையும் அள்ளிக்கொண்டு வருவார். கிடங்கு மாடியில், சுக்கு நெடியில் தும்மிக்கொண்டே கேட்டோம். எனக்குப் பிடித்தது பங்க் என்கிற பாட்டு வகை. கொஞ்ச நேரம் ஒரே கூச்சல், அதோடு பாட்டு முடிந்துவிடும். படத்தில் அவர்கள் சட்டையெல்லாம் ஊக்கு குத்தியிருந்ததைப் பார்த்து, அம்மா வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்குகளைக் கழற்றி என் தாவணி ஓரத்தில் குத்திக்கொண்டேன். அம்மா வீடெல்லாம் ஊக்கைத் தேடினாள். என் புரட்சி அவ்வளவுதான். வாசலைத் தாண்டும் முன் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன்.

நீ வேறு. பத்திரிகையில் 'காத்' என்று பேர் போட்டிருந்த இன்னொரு பாட்டுக் கூட்டத்தில்தான் உன் கண் நின்றது. கறுப்பு உடை, வெளுத்த முகம், கண்ணைச் சுற்றி அப்பிய மை.

"இதுவும் பங்க்தானேடி? அதே கிட்டார், அதே கிழிஞ்ச சட்டை" என்றேன்.

"அங்கேருந்து வந்ததுதான், கேட்டியா. ஆனா பங்க் ஊரைப் பாத்து ஏசும். இது ஏசாது. உங்களுக்குப் பயமா இருக்கிறது எனக்கு அழகா இருக்குன்னு சொல்லிட்டுச் சும்மா நிக்கும்" என்றாய்.

முகத்தை வெளுக்க நம்மிடம் பவுடர்தான் இருந்தது. கண்ணுக்கு, உன் அம்மா விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த மை. அந்தக் கோலத்தில் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் நடந்தாய். மலைக்கு மாலை போட்டவன் கறுப்பு உடுத்தினால் கும்பிடுகிற ஊர், உன்னைப் பார்த்து, வீட்டில் யாரோ செத்துவிட்டதுபோல், "ஆரா மரிச்சே, மோளே?" என்று கேட்டது. "ஆரும் இல்லா, சேட்டா. எனிக்கு இஷ்டம்" என்பாய், சிரிக்காமல். ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சுக் கல்லறையின் பூட்டிய கேட்டருகே நின்று, பாசி படிந்த கற்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்னைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து வருவதாக ஏற்பாடு. நீ கறுப்பில் வந்து நின்றால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்தேன். வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. நீ வந்தாய். மஞ்சள் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, சுத்தமாகத் துடைத்த கண்கள். என் அம்மா எனக்குத் தெரியாமல் வந்து உன்னிடம் கெஞ்சியிருக்கிறாள். ஊரே கேட்டும் மாற்றிக்கொள்ளாததை எனக்காக ஒரு நாள் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாய். என் தலையில் பூவைச் சரிசெய்தபடியே, "எப்படிடி இருக்கேன்?" என்று கேட்டாய்.

"இப்பத்தான் நல்லா இருக்கே" என்றேன்.

உன் மனம் குளிரட்டும் என்று சொன்னதல்ல. எனக்கு அவ்வளவு நிம்மதி, வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ சிரித்தாய். மை இல்லாமல் உன் முகம் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் கவனித்தேன்.

என் கல்யாணத்துக்கு அடுத்த மழைக்காலத்தில் உனக்கு டைஃபாய்டு. நான் பாலக்காட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்: "உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ உடுத்தினாளே, அந்த மஞ்சள் பட்டைத்தான் உடுத்தி அனுப்பினோம், மோளே. அதில நல்லா இருக்கான்னு நீ சொன்னியாமே."

நான் தலையாட்டினேன். அவளுக்கு அது பிடிக்காது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியும் பயன் இல்லாத நேரம்தான். ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் கூசுகிறது.

ஊர் பார்க்கட்டும் என்று நீ கறுப்பை உடுத்தினாய். ஊர் பார்த்துவிடக் கூடாது என்று நான் நரையின் மேல் அதைப் பூசிக்கொள்கிறேன். நாளை தாம்பூலம் வாங்கும்போது யாராவது என் விரல்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்பார்கள். எனக்கு இஷ்டம் என்று சொல்ல வேண்டும். சொல்வேனா, தெரியவில்லை. மருமகள் எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்னும் நறுக்கவில்லை.