கடுகளவு பூட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று பள்ளிக்கூடம் போனாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. அவளைப் பற்றி முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதியைப் படித்ததும் கடிதத்தை நீங்கள் கிழித்துப் போடக்கூடும்.

விசாரணை முடிந்துவிட்டது. தீயைக் கண்டு பதறி ஓடியதில் படிக்கட்டில் நெரிசலாம், தையல் கூடத்து முதலாளி மேல் தவறில்லையாம். இது உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஏன் அப்படி ஆயிற்று என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

எரிந்த மாடியை அப்படியே சிறியதாகச் செய்து தர ஆள் வேண்டும் என்று விசாரணைப் பொறியாளர் என்னிடம் வந்தார். கட்டடக்காரர்களுக்கு மாதிரி வீடுகள் செய்கிறவன் என்றுதான் என்னை அவருக்குத் தெரியும். செத்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி என்று நான் வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால் வேலை வேறு ஆளுக்குப் போயிருக்கும். பின்கதவு பூட்டிக் கிடந்ததாக முதலில் சொன்ன, உயிர் தப்பிய பெண்கள்கூட, முதலாளி தன் இன்னொரு கூடத்தில் வேலை கொடுத்ததும் அடங்கிவிட்டார்கள். வேறு யாரை நம்புவது?

அளவெடுக்கப் போனோம். பொறியாளர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே நான் மட்டும் போனேன். பின்கதவில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. கையால் தொட்டுப் பார்த்தேன். அடுத்த வாரம் அங்கே கதவே இல்லை.

நாற்பது நாள் உட்கார்ந்தேன். தையல் மெஷின்களை ரப்பரில் செதுக்கினேன், காகிதம் குத்தும்போது விழும் வட்டங்களை அவற்றுக்குச் சக்கரமாக ஒட்டினேன். துணிமூட்டைக்குக் கட்டுப்போடும் துணி. ஜன்னல் கம்பிக்கு மின்சார வயரைப் பிரித்தெடுத்த இழை. புகைக் கரிக்குப் பென்சில் தூளை விரலால் தேய்த்தேன். பின்கதவுச் சங்கிலியைச் செம்பு இழையில் முறுக்கி, ஈயத்தை உருக்கிக் கடுகளவு பூட்டு ஒன்று செய்து மாட்டினேன். வளையம் ஏழு தடவை உடைந்தது.

விசாரணை நாளன்று முதலாளியின் வக்கீல் குனிந்து பார்த்தார். "பொம்மை நல்லாத்தான் இருக்கு. இந்தப் பூட்டு எங்கிருந்து வந்துச்சு?" என்றார். கண்ணால் பார்த்தேன் என்றேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன், மாப்பிள்ளை.

வக்கீல் தன் இடத்துக்குத் திரும்பிப் போகிறவர், போகிற போக்கில் கேட்டார்: "இறந்தவங்கள்ல உங்களுக்கு வேண்டியவங்க யாராவது உண்டா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அங்கே ஒருவருக்கும் எங்கள் உறவு தெரியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அந்தச் சொல்லைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் எதிரே அந்த மெஷின்கள் வரிசையாக இருந்தன. எனக்குத் தங்கையே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பத்தொன்பதாவது மெஷின் என் தங்கச்சியோடது" என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இதை ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும்ங்க" என்று வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு, உறவுக்காரன் சாட்சி செல்லாது என்று எழுதியதை அடித்துவிட்டார். மாதிரியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

உண்மையைத்தானே சொன்னீர்கள் என்கிறாள் உங்கள் அக்கா. ஆனால் என்னை நம்பித்தான் நீங்கள் ஊருக்கு வராமல் அங்கேயே வேலையில் இருந்தீர்கள். எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான்.

மாதிரியை உடைக்க மனம் வராமல் போர்வை போட்டு அறையில் வைத்திருந்தேன். முந்தாநாள் பாப்பா போர்வையை விலக்கிவிட்டாள். அம்மா மெஷின் எது என்று கேட்டாள். காட்டினேன். அங்கிருந்து பின்கதவு வரைக்கும் விரலை நகர்த்திக்கொண்டே போனாள். "கிட்டத்தானே மாமா இருக்கு" என்றாள்.

மேல்முறையீட்டுக்கு வழியில்லை என்கிறார்கள். என்னிடம் வேறு செய்தி இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் வந்து என்னைச் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இனி மச்சான் என்று கூப்பிடாவிட்டாலும் சரி. பாப்பாவை மட்டும் இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். காது மடிப்பு, நடை எல்லாம் என் தங்கச்சியேதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்