பதினாறு பேர் பார்க்க வரும் அலுவலகம்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனுஷியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் அம்மாவும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முருகனை வேண்டிக்கொள்கிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதுக்குத்தான் ஐந்தாறு நாளாகச் சுகமில்லை, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். தேயிலைத் தோட்டத்து லயத்தில் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தானே பேசுகிறீர்கள், நான் வாய் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதோடு போனை எடுத்தால் எனக்குப் பொய்தான் முதலில் வாயில் வருகிறது, மூன்று வருடத்தில் அப்படிப் பழகிவிட்டேன். அதனால் இதை அம்மாவுக்கு முன்னால் பிரிக்காதே, எங்காவது தனியாக உட்கார்ந்து முழுவதையும் வாசி.

உங்கள் இளைஞர் கழகத்தின் கடிதம் போன திங்கட்கிழமை கிடைத்தது. மேலே கழகத்தின் பெயர், கீழே முத்திரை, செயலாளர் பு. அனுஷியா என்று உன் கையெழுத்து. முதலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் லயத்துப் பக்கம் வந்தாலே தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை நீ. கூட்டத்துக்கு ஒருவர் எழுந்து மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று கழகத்தில் சட்டம் வைத்தார்களே, உன் முறை வந்த அன்று காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்ததை அம்மா சொல்லிச் சிரித்தாள். அப்படிப்பட்ட நீ போன மாதம் அம்மாவின் அடையாள அட்டை தொலைந்ததற்குப் பொலிசுக்குப் போய் சிங்களத்தில் முறைப்பாடு சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து வைப்போம் என்று நின்றாயாமே. நானாக இருந்தால் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வந்திருப்பேன். இப்படி நினைத்துக்கொண்டே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன், அங்கேதான் தலையில் இடி விழுந்தது. தொழில் வழிகாட்டல் சுற்றுலா, இருபத்தோராம் திகதி வெள்ளிக்கிழமை, பதினாறு அங்கத்தவர்கள், காலை பத்தரைக்குத் திரு. புஷ்பராஜ் அவர்களின் அலுவலகம், வெள்ளவத்தை. பின்னேரம் தெஹிவளை மிருகக்காட்சிசாலை.

என்ன செய்வதென்று தெரியாமல் கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். பதில் போடாவிட்டால் மறந்துவிடுவீர்கள் என்று ஒரு நப்பாசை. மறுநாளே உங்கள் கழகத்துக் கஜேந்திரன் போன் எடுத்துவிட்டான். எட்டாம் வகுப்போடு நின்றுபோய், யாராவது பெயர் கேட்டால் நிலத்தைப் பார்க்கிற அந்தக் கஜேந்திரன்தான் என்று நம்பவே முடியவில்லை. செயலாளர் சார்பில் பேசுகிறேன் என்று தொடங்கினான். நான் பார்ப்போம் என்றேன். அவன் விடவில்லை. பார்ப்போம் என்பது பதிலில்லையாம், ஆம் அல்லது இல்லை என்று ஒன்றை வாங்கிக்கொண்டு, திகதியையும் நேரத்தையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் போனை வைக்க வேண்டும் என்று கழகத்தில் பழக்கியிருக்கிறார்களாம். பின்னால் நீங்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு விளங்கியது. முதன்முதலாக வெளியாளோடு பேசுகிற பிள்ளையை இல்லை என்று சொல்லி உட்கார வைக்க மனம் வரவில்லை, ஆம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். அவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தான், மாட்டிக்கொண்டது நான்.

மகள், எனக்கு அலுவலகம் கிடையாது. கொட்டாஞ்சேனைக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சுப்பர்வைசராக இருந்தது உண்மை, அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பெற்றோலுக்குக் கியூவில் நின்ற அந்த வருடம் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு மாதம் ஏறி இறங்காத கடையில்லை, முகத்துவாரம் வரைக்கும் நடந்தேன், ஐம்பது வயதைக் கேட்டதும் எல்லோரும் நம்பரைத் தந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். கடைசியில் இங்கே கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிளாட்ஸில் வாச்சர் வேலை கிடைத்தது. கம்பெனி வெள்ளவத்தைக்கு மாறிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். வேறு வேலை கிடைக்கும்வரைக்கும் ஒரு மாதம் ஓட்டலாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். அதற்குள் தேர்த் திருவிழா நோட்டீசில் சுப்பர்வைசர் புஷ்பராஜ் என்று அச்சடித்துவிட்டார்கள், அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியும் விட்டாள். அதன் பிறகு எந்த வாயால் சொல்வேன்? நீ கழக விண்ணப்பத்தை நிரப்பும்போது தந்தையின் தொழில் என்ன போடட்டும் என்று போனில் கேட்டாய், அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

நீ கண்ணால் பார்க்காததை எழுத்தில் பார்த்துக்கொள். தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை, மோட்டர் ஓடினால் கட்டிலும் சேர்ந்து நடுங்கும். கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரை. நாற்பத்திரண்டு வீட்டுக்காரருக்கும் வாகனம் வர வரத் திறந்து மூட வேண்டும். ஹோர்ன் அடித்து அரை நிமிடத்துக்குள் திறக்காவிட்டால் வட்ஸ்அப்பில் முறைப்பாடு. கக்கூசுக்குப் போவதானாலும் இரண்டாம் மாடி ஆச்சிக்கு இன்டர்கொம்மில் சொல்லி, அவர் பல்கனியில் வந்து நின்ற பிறகுதான் போகலாம். ரயில் சத்தம் காதுக்குள் கேட்கிறது, கடல் இருநூறு அடிதான், மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க ஏறும்போது தவிர நான் அதைக் கண்டதில்லை. மற்ற வாச்சர் நின்றுபோய் ஐந்து மாதமாகிறது, பகல் முறை, இரவு முறை இரண்டும் என் தலையில்தான். தீபாவளிக்கு வராததற்குக் கம்பெனியில் கணக்கெடுப்பு என்று சொன்னேனே, அதுவும் பொய். லீவு கேட்டுப் போனவன் வேலையிலிருந்தும் போனவன்தான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தப் பத்தரை மணியிலிருந்து தப்ப நான் செய்த கூத்தையும் கேள். இங்கே பிரதான வீதியான கோல்றோட்டில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஷரீப் நானா எனக்குப் பழக்கம், கம்பெனிக் காலத்திலேயே சரக்கு எடுத்தவர். அவரிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் மேல்மாடி அறையை ஒரு மணி நேரம் தருவதாகவும், கடையில் எல்லோரும் என்னை சேர், சேர் என்று கூப்பிடுவார்கள் என்றும், தேவையென்றால் தானே வந்து எனக்கு முன்னால் கைகட்டி நிற்பதாகவும் சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர். வியாழக்கிழமை மத்தியானம் ஆச்சியைக் காவலுக்கு வைத்துவிட்டு ஒத்திகை பார்க்க ஓடினேன். கண்ணாடி மேசை, சில்லு வைத்த கதிரை, உட்கார்ந்ததும் அது என்னைச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்விட்டது. ஷரீப் நானா உன் கடிதத்தை எடுத்து, கழகப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டு, நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பதில்களைக் கொப்பியில் எழுதி அடுத்த கூட்டத்தில் பெற்றோருக்கு முன்னால் வாசிப்பீர்களாமே, அதையும் வாசித்தார். முதல் இரண்டுக்கும் சமாளித்துவிட்டேன். மூன்றாவது, உங்கள் வேலையில் ஒரு பிழை நடந்துவிட்டால் அதை முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்பது. அவர் இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நான் எழுந்துவிட்டேன். பதினாறு பிள்ளைகள் உண்மையென்று நம்பி எழுதிக்கொண்டு போவார்கள், அதை நீ எழுந்து நின்று வாசிப்பாய், அம்மா முன்வரிசையில் இருந்து கேட்பாள். அந்தப் பாவத்தை உன் வாயால் செய்விக்க என்னால் முடியாது மகள். அதுதான் உன்னிடம் முதலில் சொல்கிறேன்.

நேற்று பிளாட்ஸ் கமிட்டிச் செயலாளர் இராஜநாயகம் ஐயாவிடம் போய், என் ஊர்ப் பிள்ளைகள் வந்து நான் செய்யும் வேலையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். இங்கே வந்த நாளிலிருந்து அவரிடம் நான் கேட்ட முதல் காரியம் இது. “உள்ளுக்கு விடேலாது, புஷ்பராஜ். வெளியில நிண்டு கதைச்சிட்டுப் போகட்டும், கேற்றை மறைக்காமல்,” என்றார். கடமை நேரத்தில் நான் வெளியே போகவும் கூடாது. ஆகவே நீங்கள் வந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நடுவில் கார் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் திறப்பேன். இதுதான் உன் அப்பாவின் அலுவலகம்.

வருவதா வேண்டாமா என்று நீயே முடிவெடு. செயலாளர் நீதானே, நிகழ்ச்சியை வெட்டினாலும் நான் கோபிக்கமாட்டேன், உனக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு முகம் இருக்கிறது. வெட்டினால் அப்பாவுக்கு மீட்டிங் என்று மட்டும் சொல்லிவிடாதே, எனக்காக நீயும் பொய் பழக வேண்டாம். வந்தால் நான் மோட்டரையும் ஜெனரேட்டரையும் வாயால் விளக்கிச் சொல்வேன், லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் மூன்று பாஷையிலும் எப்படி ஆறுதல் சொல்வது என்று சொல்வேன், அதுவும் ஒரு தொழில்தானே. அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு எடுப்பேன், ஸ்பீக்கரைப் போடாமல் போனை அவள் கையில் கொடு, கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இரு. அவள் திட்டினால் திட்டட்டும், பேசாமல் வைத்துவிட்டால்தான் எனக்குப் பயம்.

பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கூட்டி வா, சிலருக்கு வாந்தி வரும். கோல்றோட்டைக் கோடு போட்ட இடத்தில் மட்டும் கடக்கச் சொல், இங்கே யாரும் பிரேக் போடுவதில்லை. கூரைத் தகரத்துக்கு மேல் வைத்த கற்களை மழைக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள். அம்மாவின் பிரஷர் குளிசையை அவள் பாதியாக உடைத்துப் போடுகிறாளா என்று கவனி. இருபத்தோராம் திகதிக்கு முன்னால் எனக்கு ஒரு வரியாவது எழுது. பிள்ளையார் துணையால் நீ எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. புஷ்பராஜ்,
வாச்சர்.