மறுபூஜைக்கு வைத்த கட்டை

மேலகரம்,
12-11-1962

அன்பு மகன் குற்றாலிங்கத்துக்கு அம்மா முப்பிடாதியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கச்சி தங்கத்தாயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுத இந்த வருஷம் எனக்குக் கை வரவில்லை. நீ அங்கே கை கால் சுகத்தோடு இருக்க இலஞ்சி முருகனை வேண்டாத நேரம் கிடையாது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நீ இருக்கிற இடத்தின் பெயரை உங்கள் பட்டாள ஆபீசில் மை போட்டு அடித்துவிட்டார்கள், ஆனாலும் லாரி ஓட்டும்போது விரல் மரத்துப்போகிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஏதோ பெரிய மலை என்று தெரிகிறது. எனக்கு இப்போது மலை என்ற பேச்சே ஆகவில்லை. வெறும் வயிற்றோடு வண்டி எடுக்காதே, கையுறை கொடுத்திருந்தால் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள், புதுசு அழுக்காகிவிடும் என்று பத்திரப்படுத்துகிற புத்தி உனக்குச் சின்ன வயசிலேயே உண்டு.

லீவு கிடைக்காமல் போனதற்காக நீ அழுதிருக்கிறாய் என்று எழுத்திலேயே தெரிந்தது. சண்டை நேரத்தில் யாருக்கும் லீவு இல்லை என்று ஊரே சொல்கிறது, அதை ஒரு குறையாக மனதில் வைக்காதே. உன் அப்பாவுக்குப் பெரியப்பா மகன் செல்லச்சாமி கொள்ளி வைத்தான், பதினாறாம் நாள் காரியத்துக்குக் குற்றாலத்தில் போய் முழுகி எல்லாம் முறைப்படி நடந்தது. அன்றைக்கு அருவியில் தண்ணீர் நிறைய விழுந்தது, அதன் அடியில் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. தீபாவளி நமக்கு இல்லை. தங்கத்தாய் எஸ்.எஸ்.எல்.சி. படிப்பை நிறுத்துகிறேன் என்றாள், முதுகில் ஒன்று வைத்து அனுப்பிவிட்டேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு மாதம் லீவு கொடுத்திருந்தார்கள், போன திங்கட்கிழமை முதல் மறுபடியும் பிரசவம் பார்க்கப் போய் வருகிறேன். அதே ரோட்டில், அதே பஸ்ஸில்தான், வேறு என்ன செய்ய. உன் அப்பா போன அந்த வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் பாதிக்கு மேல் பரீதைத் திட்டியே எழுதியிருக்கிறாய். சக்கரம் உருளாமல் அண்டக் கொடுக்கிற கட்டை அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் இருக்கிறதா என்று பார்ப்பது கண்டக்டர் வேலை, அவன் சோம்பேறித்தனம்தான் அப்பாவைக் கொன்றது, கம்பெனி அவனை வேலையை விட்டு நிறுத்தியது போதாது, ஜெயிலில் போட வேண்டும் என்று. சித்தப்பா சித்தப்பா என்று அவன் தோளில் தொங்கிய வாய் இப்படி எழுதுகிறது. போதாததற்கு அவனுக்கும் நேராக ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். சனிக்கிழமை அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். வேலை போன பிறகு குற்றாலத்தில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறான், விரலெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. உன் கடிதத்தை என்னிடம் காட்டவில்லை. மதினி, பிள்ளை ரொம்பக் கோவமா எழுதியிருக்கான், மலைமேல வண்டி ஓட்டுதவன் மனசுல கோவத்த வச்சுக்கிட்டு ஓட்டப்பிடாது, நீங்க ஆறுதலா ரெண்டு வரி எழுதுங்க என்றான். அவ்வளவுதான் சொன்னான். காப்பி குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்று போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி நான் படுக்கவில்லை.

மகனே, அந்தக் கட்டை நம் வீட்டில் இருந்தது. அதை எடுக்க விடாதவள் நான்.

உனக்கு அந்தக் கட்டையைத் தெரியும். மலை ரூட் கிடைத்த வருஷம் உன் அப்பா புளிய மரத்தில் தானே செதுக்கி, தூக்கக் கயிறு போட்டு வைத்திருந்தது. கம்பெனிக் கட்டை எல்லாம் விறகு என்பார், அவர் வண்டியில் இது ஒன்றுதான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதையும் ஸ்பேனரையும் வீட்டுக்குக் கொண்டுவருவார், நான் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் வைப்பேன். பூஜைக்கும் மறுநாள் விஜயதசமிக்கும் அவருக்கு எப்போதும் லீவு உண்டு, நிதானமாக மறுபூஜை செய்து எடுப்போம். இந்த வருஷம் இன்னொரு டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்று விஜயதசமி அன்று வரச் சொல்லிவிட்டார்கள். விடியுமுன்னே குளித்துவிட்டு வந்து கட்டையில் கை வைத்தார். நான் அடுப்படியிலிருந்து கத்தினேன், மறுபூஜை ஆகாமல் தொடக்கூடாது, சாயங்காலம் இரண்டு பேரும் வந்து செய்துகொள்ளலாம், ஒரு நாள் கட்டை இல்லாவிட்டால் மலையா சாய்ந்துவிடும் என்று. அவர் சிரித்தார். என் மருத்துவப் பை ஆணியில் தொங்கியதைக் காட்டி, ஒன் பைக்கு மட்டும் சாமி லீவு குடுத்திட்டாராக்கும் என்றார். ஏனென்றால் என் பையையும் கத்திரியையும் நான் பூஜையில் வைக்கவே மாட்டேன். பிரசவம் சொல்லிக்கொண்டா வரும் என்று அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். பிரேக் சொல்லிக்கொண்டா போகும் என்று எனக்குத் தோன்றவில்லையே. ஒரு சூடம் காட்ட எத்தனை நேரம் ஆகும் குற்றாலிங்கம்? நான் அப்போது குளித்திருக்கவில்லை, பொரிகடலை வாங்கி வைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். சரி ஒரு நாளைக்குக் கல்லை வச்சுப் பாத்துக்கிடுதோம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் பேச்சைத் தட்டாத மனுஷர். தட்டியிருக்கலாம்.

சாயங்காலம் எஸ்டேட் வேலை முடிந்து எப்போதும் போல அவர் வண்டியில்தான் வந்தேன். நல்ல தூறல். என் பக்கத்தில் ஒரு பச்சை உடம்புக்காரி, பத்து நாள் முன்னால் நான் பிரசவம் பார்த்தவள், கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோட்டைவாசல் தாண்டி இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. முதலில் நான் ஒன்றும் நினைக்கவில்லை, உன் அப்பாவின் பிடரியைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது, அதில் நரம்பெல்லாம் கயிறு மாதிரி நின்றது. காலால் மிதிக்கிறார் மிதிக்கிறார், பிரேக் பிடிக்கவில்லை. கியரை இறக்கி, வண்டியை மலைப்பக்கமாக உரசவிட்டார். தகரம் கிழிகிற சத்தத்தில் எல்லாரும் அலறினோம், அந்தப் பெண் குழந்தையை என் மடியில் எறியாத குறை. கடைசியில் முன்சக்கரம் ஓரத்து வாய்க்காலில் இறங்கி வண்டி நின்றது. அவர் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் இறங்குங்க, முண்டியடிக்காதிய என்றார். பரீது குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தான். நனைந்த தார் ரோடு, உருண்டைக் கல். அதை அவன் தோளைக் கொடுத்து அமுக்கிக்கொண்டு மண்டி போட்டிருந்தான், நான் பார்த்தேன். நானும் குழந்தைக்காரியும்தான் கடைசி. அவரைத் தாண்டும்போது நீங்களும் வாங்க என்றேன். நீ இறங்குட்டி, நான் பின்னால வாரேன் என்றார். இறங்கினேன். இறங்கியவர்கள் எல்லாரும் பயத்தில் கீழ்ப்பக்கம் நடந்துபோய் நடு ரோட்டில் கூட்டமாக நின்றார்கள், யாருக்கும் புத்தி வேலை செய்யவில்லை. கல் வழுக்கியது. பரீதைத் தள்ளிவிட்டு வண்டி வாய்க்காலை விட்டுக் கிளம்பியது. உன் அப்பா குதித்திருக்கலாம், வாசல் திறந்துதான் இருந்தது. குதித்திருந்தால் வண்டி எங்கள் மேல்தான் வந்திருக்கும். அவர் ஒரே திருப்பாகத் திருப்பி ரோட்டோரத்து மரத்தில் கொண்டுபோய் மோதினார். பதினெட்டுப் பேரும் ஒரு குழந்தையும் கீறல் இல்லாமல் நின்றோம்.

பின்னால் வந்த மர லாரியில்தான் ஏற்றிக்கொண்டு தென்காசிக்கு வந்தோம். தலை பரீது மடியில், கால் என் மடியில். எவ்வளவோ ரத்தம் பார்த்த கைதான், அன்றைக்கு ஒரு கட்டுப் போட வரவில்லை. என் பையில் பஞ்சு இருந்தது, கத்திரி இருந்தது, பூஜையில் வைக்காத பையாயிற்றே. புளியரை வரும்போது அவர் பரீதின் காதில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். தண்ணி கேக்காவ மதினி என்றான். செங்கோட்டைக்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது.

கம்பெனி விசாரணையில் கட்டை எங்கே என்று கேட்டதற்குப் பரீது, எம்மேல தப்புதான், பாக்காம விட்டுட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றிருக்கிறான். கட்டை எங்கே இருக்கிறது என்று காலையிலேயே உன் அப்பா அவனிடம் சொல்லிச் சிரித்ததை அவன் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தாலியை இழந்தவளிடம் யார் கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன். ஒரு மாதமாக அந்தக் கட்டை பூஜை மாடத்தில் காய்ந்த சந்தனத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது, நான் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். பரீது கிளாஸ் கழுவுகிறான், நான் துணி போட்டு மூடுகிறேன். என் பாவத்தை என்னவென்று எழுத.

இன்று காலையில் துணியை எடுத்தேன். சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, கட்டையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கம்பெனி ஷெட்டுக்குப் போய் மேனேஜர் மேஜை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார், முதலாளிக்கு அனுப்புகிறேன், பரீதுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கட்டையை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றார். மாட்டேன் என்றேன். எந்த வண்டி மலைக்குப் போனாலும் அதில் போடுங்கள், இனி இதற்குப் பூஜை கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பரீது வந்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் குரலை உயர்த்தியது இன்றைக்குத்தான். ஏன் மதினி சொன்னிய, யாரு ஒங்கள சொல்லச் சொன்னது, அண்ணாச்சிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன், இப்ப நான் என்ன செய்ய என்று கத்தினான். என்ன வாக்கு என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். லாரியில் உன் அப்பா தண்ணீர் கேட்கவில்லை. பரீது, கட்டை வீட்ல இருக்குன்னு யாருட்டயும் சொல்லிராத, அவ தாங்க மாட்டா என்று சொல்லியிருக்கிறார். உயிர் போகிற நேரத்தில் வலியை நினைக்கவில்லை, உங்களை நினைத்தாரோ என்னவோ தெரியாது, என்னை நினைத்திருக்கிறார். அதற்காகத்தான் இவன் வேலையையும் கொடுத்து, பேரையும் கொடுத்து, உன் கடிதத்தையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான்.

எனக்கு இதற்கு மேல் எழுத ஓடவில்லை. உன் கோபத்துக்கு ஆள் வேண்டுமென்றால் நான் இங்கேதான் இருக்கிறேன், என்னைத் திட்டி எழுது, வாசித்துக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. பரீது சித்தப்பாவுக்கு முதலில் எழுது, இந்தக் கடிதத்தைக் கீழே வைத்த உடனே எழுது, மன்னிப்புக் கேட்பதில் கௌரவம் பார்க்காதே. இன்னொன்று, உன் லாரியில் கட்டை இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பார். அது எந்த நாளாக இருந்தாலும், யார் என்ன சொன்னாலும், பெற்ற தாய் கத்தினாலும் சரி, கட்டை இல்லாமல் வண்டியை எடுக்காதே.

உன் அப்பா உனக்குத் துணை நிற்பார். நீ நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும், தங்கத்தாயைக் கரையேற்ற வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
முப்பிடாதியம்மாள்