விசில் அடிக்காத குக்கர்

இஞ்சேருங்கோ,

நான் வேலைக்குப் போறன். புதுக் குக்கருக்குள்ளை கோழிக்கறி இருக்கு, பாணோடை சாப்பிடுங்கோ. உருளைக்கிழங்கு எங்கை எண்டு கேக்காதேங்கோ. கோழியோடை சேத்து நான்தான் வெட்டிப் போட்டனான். திறந்து பாத்தால் ஒரு துண்டும் இல்லை.

ஜெர்மன் குக்கர் விசில் அடிக்காது எண்டுதானே வாங்கினனீங்கள்? என்னட்டைக் கேக்காமல் என்ரை பழைய குக்கரைக் கீழை கெல்லர் அறைக்குள்ளை கொண்டுபோய் வைச்சீங்கள். இண்டைக்குச் சமைக்கேக்கை மூண்டு விசில் கேட்டுது. கீழை இருந்து.

இறங்கிப்போய்ப் பாத்தன். பழைய குக்கரிலை கை வைக்க ஏலாது, அவ்வளவு சூடு. உள்ளை கிழங்கு வெந்த மணம். நான் திறக்கேல்லை.

— சுகிர்தா

பி.கு.: வந்த உடனை அதை மேலை கொண்டு வாங்கோ. துணியாலை பிடிச்சுத் தூக்குங்கோ. எனக்குக் கோவம் ஆறீட்டுது. அதுக்கு இன்னும் ஆறேல்லை.