ஏறு என்றால் ஏற வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

புது கோச் வந்து ஒன்பது நாளாகிறது. வயிற்றெரிச்சலை எழுதி வைக்க இன்றுதான் நேரம் கிடைத்தது.

பதினோரு வருடமாக எங்கள் பெயின்ட் கம்பெனி கால்பந்து அணியின் பின்வரிசையில் நான்தான் நடு ஆள். கோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்புவது என் வேலை. அது கோச்சுக்குப் பிடிக்கவில்லை. "திருடன வீட்டுக்குள்ள விட்டுட்டுத் தேடக் கூடாது. தெருமுனையிலயே மடக்கணும்" என்கிறார். பின்வரிசை நால்வரும் கிட்டத்தட்ட நடுக்கோடு வரை ஏறி நிற்க வேண்டுமாம். எதிராளி பந்தைத் தட்டப் போகும் நொடியில் நால்வரும் ஒன்றாக இரண்டடி முன்னால் போனால், எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் அவர்கள் ஆள் ஆஃப்சைட், அவன் கோல் போட்டாலும் செல்லாது. இதுதான் அவருடைய பொறி. ஒருவன் நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. எங்கள் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலி, கோல்கீப்பர் மட்டும் அநாதையாக நிற்பான்.

ஒன்றாக ஏறப் பழகுவதற்கு நான்கு பேர் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டி நடக்கவிட்டார். எப்போதும் நேர்க்கோடு, நேர்க்கோடு என்று கத்துவதால், அதற்குள் பையன்கள் அவருக்கு 'அடிஸ்கேல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'ஏறு' என்று கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அதை எனக்குக் கொடுக்கவில்லை. என் சகலைக்குக் கொடுத்தார்! என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன். மூன்று வருடத்துக்கு முன்னால் மேனேஜரிடம் பல்லைக் காட்டி நான் சேர்த்துவிட்ட ஆள்.

ஏன் என்று கேட்டேன். "நீ பந்தப் பாக்குற. அவன் ஆளப் பாக்குறான்" என்றார்.

மார்ச் 4

இடுப்பில் சிவப்பாகக் கயிற்றுத் தடம். என்ன இது என்று மனைவி கேட்டாள். "மாட்டுக்கு இருக்கும்ல, அது" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். எழுதவே எரிச்சலாக இருக்கிறது. ஒன்பது முறை ஆஃப்சைட். அவர்களுடைய முன்வரிசை ஆள் கடைசியில் அழாத குறை. கூட்டம் சகலை பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. அவன் 'ஏறு' என்று கத்திக் கையைத் தூக்குவதை, பந்து பொறுக்கும் பிள்ளைகள்கூட செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் "சாப்ட்டீங்களாண்ணே?" என்பவன், மைதானத்தில் என்னைப் பார்த்து ஏறு, ஏறு, ஏறுடா என்கிறான். 'டா' வேறு. கோச்சிடம் சொன்னேன். சிரித்தார். "ஏறுங்கண்ணேன்னு அவன் மரியாதையா சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோல் விழுந்துடும்ப்பா." மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

மார்ச் 11

மாடியில் சிரிப்புச் சத்தம். கோச்சுக்கு விருந்தாம். கீழ் வீட்டுக்காரனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஆனால் கூப்பிட்டிருக்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

1-0 தோல்வி. எழுபத்தொன்றாவது நிமிடம். சகலை ஏறு என்றான், மூன்று பேர் ஏறினார்கள், என் பூட்ஸ் வழுக்கியது. அவர்களுடைய ஆள் தனியாக ஓடிப் போய் அடித்தான்.

மார்ச் 16, காலை

வழுக்கவில்லை.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலும் பொய் எழுதினால் நான் என்ன மாதிரி ஆள்? வெயில் காலத்துத் தரை, காய்ந்த புல். அதில் எங்கே வழுக்கும்? ஏறு என்ற குரல் காதில் நன்றாக விழுந்தது. காலைத் தூக்கவும் தூக்கினேன். அப்புறம், இவன் சொல்லி நான் ஏறுவதா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். தூக்கிய காலை அதே இடத்தில் வைத்துவிட்டேன். ஒரு முறை பொறி உடையட்டும், அப்போதுதான் பழையபடி கோலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்வார்கள் என்று நினைத்தேனா? அதையும் நினைத்தேன். கோல் விழும் என்று தெரியுமா? தெரியும். வேறு என்ன விழும்?

மார்ச் 16, மாலை

ஷிஃப்ட் முடிந்ததும் டின் மூடி அழுத்தும் மெஷினுக்குப் பக்கத்திலேயே மீட்டிங். மேனேஜரும் வந்திருந்தார். முதல் டிவிஷனை விட்டு இறங்கினால் அணியைக் கலைத்துவிட்டு எல்லோரையும் முழு நேரமும் மெஷினுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். இன்னும் மூன்று ஆட்டம் இருக்கிறது.

கோச் கேட்டார், "யாரு தப்பு இது?"

வாயைத் திறக்கலாமா என்று நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அதற்குள் சகலை, "நான்தான் சார். கூப்பிட லேட்டாயிடுச்சு" என்றான்.

லேட் இல்லை. கத்தரித்தது மாதிரி சரியான நேரம். ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்கே புரியவில்லை. கோச் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். அடுத்த ஆட்டத்திலிருந்து அவன் வெளியே. அவன் இடத்தில் ரிசர்வ் ஆள். கூப்பிடும் பொறுப்பு எனக்கு.

கேட்டது கிடைத்துவிட்டது. டீ குடித்தேன், சர்க்கரை போட மறந்ததுகூட பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 18

மச்சினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"மாமா, நீங்க அவருக்குப் பக்கத்துலதானே நின்னீங்க? அவர் லேட்டாதான் கூப்பிட்டாரா?"

"எனக்குத் தெரியாதும்மா. பந்தப் பாத்துட்டிருந்தேன்."

"அது சரி. நீங்க எப்பவும் பந்தத்தானே பாப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இது கோச் வாயிலிருந்து மாடி வழியாக வந்த வசனம். என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சும்மா இருந்தால்தான் எனக்குப் பயம்.

மார்ச் 22, ஞாயிறு

2-1 வெற்றி. நான் கூப்பிட்டேன், ஏறினார்கள். ஆறு ஆஃப்சைட். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது. நம் வாயிலிருந்து ஒரு சொல், எதிராளி அத்தனை ஓட்டமும் வீணாகி நடுவில் நின்று கையை விரிக்கிறான். இந்த ஆட்டத்தையா இத்தனை நாள் திட்டினேன்? பின்னால் இருந்தபோது நாங்கள் அடி வாங்கினோம். இப்போது அடி கொடுக்கிறோம். சகலை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். இருக்கட்டும்.

மார்ச் 26, வியாழன்

காலையில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். அவனும் அங்கே இருந்தான். இரண்டு குடும்பத்துத் துணியும் ஒரே கொடியில்தான் காய்கிறது. என் ஜெர்சியை அவனே எடுத்துக் கொடுத்தான். நன்றியாவது சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நீங்க நின்னதப் பாத்தேண்ணே."

நான் ஜெர்சியை மடிக்க ஆரம்பித்தேன்.

"கூப்பிடுறவன் நாலு பேரையும் பாத்துட்டுதான் கூப்பிடுவான். கால் தூக்கினீங்க. திரும்ப வச்சீங்க."

"அப்புறம் எதுக்குடா உன் தலையில போட்டுக்கிட்ட? என்னைக் காப்பாத்தவா?"

சிரித்தான். அந்தச் சிரிப்பை அடித்திருக்கலாம். "உங்களுக்காகவா? நல்லாருக்கே! கூப்பிட்டவன் தப்புன்னா ஆளை மாத்தினா போச்சு. வேணும்னே ஒருத்தன் நின்னான்னு தெரிஞ்சா, அப்புறம் எவனும் ஏற மாட்டான். பக்கத்துல இருக்கிறவன் ஏறுறானான்னு திரும்பிப் பாப்பான். அந்த ஒரு பார்வை போதும், அணி கீழ போயிடும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. முழு நேரமும் மெஷின்ல நிக்க என்னால ஆகாது." துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "வெளிய சொல்ல மாட்டேன். ஆனா உங்களை மன்னிச்சேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

படி இறங்கும்போதுகூட 'வரேண்ணே' என்றுவிட்டுத்தான் போனான். மரியாதை ஒரு குறைவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

3-0. தோல்வி என்பதுகூட சின்ன வார்த்தை.

நான்தான் கூப்பிட்டேன். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் தலை தானாகப் பக்கவாட்டில் திரும்பியது. ரிசர்வ் ஆள் ஏறுகிறானா? ஓரத்தில் இருப்பவன் நிற்கிறானா? எனக்குப் பிடிக்காத ஒருவனுக்கு நான் செய்ததை, இவர்களில் எவன் எனக்குச் செய்யப் போகிறான்? பார்த்து முடித்து நான் ஏறுவதற்குள் பந்து எங்களைத் தாண்டிப் போயிருக்கும். மூன்று கோலிலும் நின்றவன் நான்தான். இந்த முறை வேண்டுமென்று இல்லை, ஆனால் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோச் மைதானத்துக்குள்ளேயே வந்து கத்தினார். "கூப்பிட்டுட்டு எதுக்குய்யா பக்கத்துல திரும்பிப் பாக்குற? வழி தெரியாதவன் மாதிரி!"

இன்னும் ஒரு ஆட்டம். டிரா செய்தால் போதும், தப்பித்துவிடலாம். தோற்றால் இறங்கிவிடுவோம்.

ஏப்ரல் 1

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் சகலை உள்ளே வருவான். ஆனால் நால்வரும் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பிப்பார்கள், அவன் சொன்னது சரி. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட வேண்டும். என்னால் கூப்பிட முடியாது. பயிற்சியிலேயே முடியவில்லை. நல்லவன் வேஷம் போட எனக்கு ஆசை இல்லை. அவனை இப்போதும் கண்டால் ஆகாது. அவன் சொன்னது சரியாக இருப்பதால் இன்னும் ஆகாது.

ஏப்ரல் 3, வெள்ளி

கோச்சிடம் போய் முட்டி பிசகிவிட்டது என்றேன். எந்த முட்டி, எப்போது, டாக்டர் என்ன சொன்னார் என்று எதுவுமே கேட்கவில்லை. "அப்ப ஞாயித்துக்கெழமை கூப்பிட யாரு?" என்றார்.

"எங்க சகலை இருக்கானே."

எழுதிக்கொண்டார். முப்பத்து நான்கு வயதில் முட்டி என்று போனவனை அடுத்த வருடம் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பூட்ஸை லாக்கரிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

0-0. தப்பித்துவிட்டோம்.

மேல் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தேன். பதினோரு ஆஃப்சைட். நால்வரும் ஒரே ஆள் போல ஏறினார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கடைசி நிமிடத்தில் அவர்கள் ஆள் கோலே போட்டுவிட்டான், ஆஃப்சைட் என்று செல்லாமல் போனது. எழுந்து நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன் என்று அப்புறம்தான் தெரிந்தது. முட்டி பிசகியவன் எழுந்து நிற்கலாமா? உடனே உட்கார்ந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் சகலை தண்ணீருக்காகப் படிக்கட்டுப் பக்கம் வந்தான். மேனேஜர், கோச், மச்சினி எல்லோரும் இருந்தார்கள்.

"முட்டி எப்படிண்ணே இருக்கு?" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"வலிக்குது" என்றேன்.

பாட்டிலை ஒரே மூச்சில் குடித்து முடித்தான். பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வலிக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டுப் பையன்களிடம் போனான்.

நான் எழுந்து நொண்டி நொண்டிப் படி இறங்கினேன். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். பாதி படி இறங்கினோம். பிறகு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

"காலைல இடது கால்லதான் நொண்டுனீங்க."

காலை மாற்றிக்கொண்டேன்.