கொக்கு இறங்கிய நாள்

மஞ்சக்குட்டை, 10 ஜனவரி 1936

வெள்ளையம்மாளுக்குச் செல்லப்பன் எழுதுவது. நான் சுகம். குப்பனூரில் மாமா, அத்தை, நீ, நம் பூவாயி எல்லோரும் சுகம்தானே?

நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கியதிலிருந்து வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. பொங்கலுக்குள் வந்துவிடு.

நடந்ததை நீயே நிதானமாக யோசித்துப் பார். குதிரையில் வந்த துரையை வழியில் நிறுத்தி, காப்பிப்பழம் உரிக்கிற பல்பர் மிஷினின் கழிவுத் தண்ணீர் ஓடையில் கலக்கிறது, கூலி ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிறு கெடுகிறது என்றாய். ஆள் கணக்கு எழுதுகிற சின்ன ரைட்டரின் பெண்சாதி துரையிடம் நேருக்கு நேர் பேசுவது எந்த எஸ்டேட்டில் உண்டு? அவர் என்னைக் கூப்பிட்டு, உன் வீட்டுக்காரியை அடக்கி வை என்றார். சித்திரையில் பெரிய ரைட்டர் வேலை எனக்கு என்று பேச்சு இருப்பது உனக்குத் தெரியாதா?

அந்தக் கோபத்தில்தான் ஆட்கள் முன்னால் ஆமைக் கதையைச் சொன்னேன். நீ பூவாயிக்குச் சொல்லுகிற கதைதானே? குளம் வற்றிப்போகிறது. இரண்டு கொக்குகள் ஒரு குச்சியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொள்ள, ஆமை நடுவில் கவ்விக்கொண்டு வேறு குளத்துக்குப் பறக்கிறது. கீழே ஊர் சிரித்ததும் பொறுக்காமல் வாயைத் திறந்து விழுந்து சாகிறது. நீ அந்த ஆமை என்றேன். அதற்காக வீட்டை விட்டே போவதா?

சென்றாயன் கழுதையில் ஆரஞ்சுப் பழம் இறக்கிக்கொண்டு வருகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் பழத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

உன்
செல்லப்பன்

குப்பனூர், 19 ஜனவரி 1936

பூவாயி அப்பாவுக்கு வெள்ளையம்மாள் வணக்கம். நாங்கள் சுகம். பொங்கல் வைத்தோம். உங்களை நினைத்துக்கொண்டேதான் வைத்தேன், அதை மறைக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய பழத்தில் பாதியைச் சென்றாயன் அண்ணனே தின்றுவிட்டார். "பசிச்சுதுங்க அம்மிணி" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவருக்கு இருக்கிற தைரியம் உங்களுக்கு இருந்திருந்தால் நான் ஏன் மலையிறங்குகிறேன்?

உங்கள் கடிதத்தில் துரை வருகிறார், பெரிய ரைட்டர் வேலை வருகிறது. பேதியில் கிடந்த லயத்து வீராயி குழந்தை பிழைத்ததா என்று ஒரு வரி இல்லை. அந்தத் தண்ணீரைத்தானே அவள் குடிக்கிறாள்? நம் வீட்டுக்கோ மேல் ஊற்றுத் தண்ணீரை ஆள் கொண்டுவந்து ஊற்றுகிறான், நமக்கென்ன?

ஆமைக் கதையை இங்கேயும் சொன்னேன். பாதியில் பூவாயி கேட்டாள்: "ஏம்மா, ஆமைக்குப் பேசணும்னு இருந்தா கொக்கு கொஞ்சம் கீழ எறங்கப்படாதா?" எத்தனை நாளாகச் சொல்கிற கதை, எனக்கு இது தோன்றவே இல்லை. எல்லோரும் ஆமையைத்தான் வைகிறோம். கொக்குக்குப் புத்தி சொன்னவர்கள் யாருமில்லை. அப்பாவைக் கேட்டு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

குச்சியைக் கவ்விக்கொண்டு உங்களோடு குடித்தனம் பண்ண என்னால் ஆகாது. அந்தத் தண்ணீருக்கு ஒரு வழி பண்ணுங்கள், வருகிறேன். இல்லாவிட்டால் அப்பாவோடு ராகிக் காட்டைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுகிறேன். கோபத்தில் எழுதவில்லை.

வெள்ளையம்மாள்

மஞ்சக்குட்டை, 2 பிப்ரவரி 1936

அன்புள்ள வெள்ளையம்மாளுக்கு,

வீராயி குழந்தை பிழைத்துக்கொண்டது. ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இளைத்துப்போயிருக்கிறது, ஆனால் பால் குடிக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு லயத்து ஓடைக்கே போனேன். பொம்பிளைகள் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. "ஏனுங்க ரைட்டரய்யா, அம்மிணி எப்ப வருவாங்க?" என்று முத்தாயி கேட்டாள். தண்ணீர் செம்பழுப்பாக, வழவழவென்று, புளித்த வாடை அடித்தது. ஒரு கை அள்ளினேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. இந்த ஓடைக்கு இருநூறு கஜத்தில் எட்டு வருஷமாக உட்கார்ந்து ஆள் பேர் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பூவாயி கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். கொக்குக்குப் பயம். இறங்கினால் மறுபடி மேலே ஏற முடியுமோ முடியாதோ என்ற பயம். வேறொன்றும் இல்லை என்று அவளிடம் சொல்.

உன்
செல்லப்பன்

குப்பனூர், 9 பிப்ரவரி 1936

பூவாயி அப்பாவுக்கு,

பயம் என்று எழுதியிருந்தீர்களே, அதை இரண்டு தரம் படித்தேன். கலியாணம் ஆனதிலிருந்து உங்கள் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. எனக்கும் பயம்தான். துரையின் குதிரைக் கடிவாளத்தை நான் பிடித்தது தைரியத்தில் இல்லை, விழாமல் இருக்கத்தான்; அது உங்களுக்குத் தெரியாது.

பூவாயிக்குச் சளி. பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வெள்ளையம்மாள்

மஞ்சக்குட்டை, 27 மார்ச் 1936

அன்புள்ள வெள்ளையம்மாளுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. கையில் கொப்புளம்.

மாசியில் ஒரு நாள் காலை ஆட்கள் பேர் கொடுக்க நின்றபோது, அவர்கள் முன்னாலேயே துரையிடம் சொன்னேன். என் பெண்சாதி சொன்னது நிஜம்தான், நானே பார்த்தேன், கழிவுத் தண்ணீரைக் குழி வெட்டித் திருப்ப வேண்டும் என்றேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையில் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெட்டினோம். நல்லமுத்து, வீராயி புருஷன் அங்கப்பன் என்று லயம் முழுக்க வந்தது. நானும் மண்வெட்டி பிடித்தேன், அங்கப்பன் என்னைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். வாய்க்கால் இப்போது ஓடையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு குழிக்குப் போகிறது. அடுத்த அறுவடைக்குப் பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கும்.

பெரிய ரைட்டர் வேலை என்கூடக் கணக்கு எழுதுகிற குழந்தைவேலுக்குப் போய்விட்டது. என்னை நாற்றுப் பண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வீடு ஒற்றை அறை. வாயைத் திறந்தேன், விழுந்தேன். ஆனால் வெள்ளையம்மா, நான் நினைத்த அளவு உயரம் இல்லை அது.

போன வாரம் பூமழை பெய்தது. மலை முழுக்கக் காப்பி பூத்து வெள்ளையாக நிற்கிறது. பூ காய் பிடிக்கிறவரை செடிக்குள் யாரும் நுழையக்கூடாது என்று ஆட்களுக்கெல்லாம் லீவு. ஏப்ரல் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் குப்பனூருக்கு வருகிறேன். கொக்கு இறங்குகிறது என்று பூவாயியிடம் சொல். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். நீ பேசினால் கேட்பேன்.

உன்
செல்லப்பன்

குப்பனூர், 1 ஏப்ரல் 1936

என் பூவாயி அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு மூட்டை கட்டினேன். ஒற்றை அறை என்றால் பெருக்குகிற வேலை மிச்சம். கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் கொண்டுவருகிறேன்.

பூவாயி கதையை மாற்றிவிட்டாள். ஆமைக்குப் பேச்சு வந்தால் குச்சியை இரண்டு தரம் ஆட்டுமாம். கொக்குகள் ஒரு பாறையில் இறங்குமாம். ஆமை பேசி முடித்ததும் மறுபடி பறக்குமாம். இப்படி இறங்கி இறங்கிப் போனால் குளம் போய்ச் சேர நொம்ப நாளாகுமே கண்ணு என்றேன். "ஆனா என்னம்மா, மூணு பேரும் போய்ச் சேந்துருவாங்கல்ல?" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் நாங்கள் நிற்போம். மூன்று மாதப் பேச்சு என்னிடம் சேர்ந்திருக்கிறது. மஞ்சக்குட்டை வரைக்கும் பேசிக்கொண்டேதான் வருவேன்.

உங்கள்
வெள்ளையம்மாள்