ஏழாவது டேக்

என் தனம் அக்காவுக்கு,

நம் ஆல்பம் வெளியாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கல்மண்டபம் பக்கம் ஒரு சின்ன ஹாலில். நீ வைத்த பெயர்தான், ‘உப்புத் துரு’. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் டிரம்ஸ் சத்தத்துக்கு அவள் காதைப் பொத்திக்கொள்ளாதது இதுதான் முதல் தடவை. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாயா, அழுதிருப்பாயா?

விம்கோ நகர் ஸ்டுடியோவில் கடைசிப் பாட்டு மட்டும் பாக்கியிருந்த அந்த நாளை என்னால் தாண்டவே முடியவில்லை, அக்கா. மீன் ஏலம் முடிந்து நேராக வந்திருந்தாய். என் கையை இழுத்து உன் கழுத்தில் வைத்தாய்.

“டேய், ஒடம்பு நெருப்பா காயுது பாரு. நாளிக்கிப் பாடறேன்டா.”

“ஒரே ஒரு டேக்குக்கா. பாடிட்டுப் போய்ப் பட்த்துக்கோ.”

ஒன்று ஏழானது. ஆறிலும் நான் குறை கண்டுபிடித்தேன். ஏழாவதைப் பாடி முடித்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் உனக்குத் தண்ணீர்கூட எடுத்துத் தரவில்லை. “சூப்பர்க்கா” என்று கத்திக்கொண்டு, பதிவானதைக் கேட்க ஓடினேன்.

டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை. கொஞ்சம் முன்னாடியே கூட்டி வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு நேரம்? அந்த ஏழு டேக்கும் அதில் சேர்த்தியா?

நம் இசைக்குழுவில் மற்ற இருவருக்கும் ஏழாவது டேக்தான் வேண்டும். நீ பாடியதிலேயே அதுதான் உச்சம் என்றார்கள். உண்மைதான். அதனால்தான் அதை அழிக்கச் சொன்னேன். சண்டை வந்தது. மாதக்கணக்கில் யாரும் யாரோடும் பேசவில்லை.

கடைசியில் மாமாவிடம் போனேன். உன் புருஷன், அவர் சொல்வதுதான் முடிவு என்று. எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் போகும் வரிசையில், டிரெய்லரோடு நின்றுகொண்டிருந்தார். கேபினில் ஏறி ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். அதன் பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. அவர் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

“நீ அவள அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிக்கணும் முரளி. அத்த நான் மறக்க மாட்டேன்.”

“தெரியும் மாமா.”

“ஆனா இத்த அழிக்க நீ யார்ரா? அவ்ளோ கஷ்டப்பட்டுப் பாடிக்கிறா. போடு.”

போட்டோம், அக்கா.

ஞாயிறன்று அந்தப் பாட்டு தொடங்கியதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ரோட்டில் லாரிச் சத்தத்துக்குள் நின்றால் எதுவும் கேட்காது என்று நினைத்தேன். அம்மா தேடிக்கொண்டு வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவ உள்ள பாடிகினு கீறா. நீ இங்க இன்னா பண்ற? வா.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். நடுவில் உனக்கு மூச்சு வாங்குகிறது. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. “என் பொண்ணு எப்டி உயிரக் குட்த்துப் பாட்றா பாரு” என்று என் தோளில் சாய்ந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்திரிகைக்கு அனுப்பப்போகும் இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முன்னால் அம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். பேசாமல் இருந்தால், அவள் பேசும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னை வீட்டுக்கு அனுப்பாத தம்பி,
முரளி